கிளவுடில் முதல் செயலி: எந்த வேலையை ஒப்படைக்கிறோம், எது நம் கையிலேயே இருக்கிறது

2025 அக்டோபர் 20 அன்று, கணினி வசதிகளை இணையம் வழியாக வாடகைக்குத் தரும் கிளவுட் நிறுவனமான அமேசான் வெப் சர்வீசஸின் (ஏ.டபிள்யூ.எஸ்.) வட வர்ஜீனியா வட்டாரத்தில் ஒரு கோளாறு. டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவையின் டிஎன்எஸ் முகவரிகளை (ஒரு பெயரைக் கொடுத்தால் அது எந்தக் கணினியில் இருக்கிறது என்று சொல்லும் பதிவுகளை)த் தானாகப் புதுப்பிக்கும் மென்பொருளில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பகுதிகள் ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிட்டன. விளைவாக, அந்தச் சேவையின் முகவரிப் பதிவே காலியானது. தரவு எதுவும் அழியவில்லை, ஆனால் அதைப் போய்ச் சேர வழி இல்லாமல் போய்விட்டது. அதை நம்பியிருந்த மற்றச் சேவைகளும் அடுத்தடுத்துத் தடுமாற, ஸ்நாப்சாட், சிக்னல், டுயோலிங்கோ உட்படப் பல செயலிகள் உலகெங்கும் முடங்கின.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம், புதிதாகச் செயலி கட்டும் சிறு குழுக்களுக்கு ஒரு குழப்பம் வந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய நிறுவனமே விழுந்தால் நாம் ஏன் அதை நம்ப வேண்டும்? சொந்தமாக சர்வர் வாங்கி வைப்பது நல்லதா? இரண்டு மூன்று கிளவுட்களில் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டுமா?

இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு செயலியை ஓட வைக்கப் பல வேலைகள் இருக்கின்றன. அவற்றில் எவற்றைக் கிளவுட் நிறுவனத்திடம் ஒப்படைக்கிறோம், எவை என்ன ஆனாலும் நம் பொறுப்பாகவே நிற்கின்றன? செலவு, பாதுகாப்பு, முடக்கம், பின்னாளில் இடம் மாறுவது எல்லாமே இந்தப் பிரிவினையிலிருந்துதான் வருகின்றன. எந்த நிறுவனத்தின் கிளவுட் என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

## கிளவுட் என்றால் என்ன

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2011 செப்டம்பரில் ஒரு வரையறையை வெளியிட்டது. இன்றும் பலரும் கையாள்வது அதைத்தான். அதன்படி ஒரு சேவை கிளவுட் ஆக ஐந்து தன்மைகள் வேண்டும்.

1. யாரிடமும் போய்க் கேட்காமல், வாடிக்கையாளரே தனக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ள முடிய வேண்டும்.
2. நெட்வொர்க் வழியாக எந்தக் கருவியிலிருந்தும் அணுக முடிய வேண்டும்.
3. ஒரே வன்பொருள் தொகுப்பைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும்.
4. தேவைக்கேற்ப வேகமாகக் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும்.
5. பயன்பாடு அளக்கப்பட வேண்டும்.

ஒரு ஸ்டார்ட்அப்புக்கு இதில் நான்காவதும் ஐந்தாவதும் மிக முக்கியம். நான்காவது வாய்ப்பைத் தருகிறது, ஐந்தாவது பில்லைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

வெறுமனே மாத வாடகைக்கு ஒரு சர்வர் தருவது பழைய ஏற்பாடு. அது 1990களிலேயே இருந்தது. 2006 மார்ச்சில் அமேசான் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையையும், அதே ஆண்டு ஆகஸ்டில் இசி2 என்ற கணினி வாடகைச் சேவையையும் அறிமுகப்படுத்தியபோது மாறியது இதுதான்: ஒரு சர்வரை நிரல் வழியாகவே கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் நிரல் வழியாகவே திருப்பிக் கொடுக்கலாம். 2008ல் கூகுள் ஆப் எஞ்சின் வந்தது. மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் 2010ல் விற்பனைக்கு வந்தது.

இதன் பயன் எவ்வளவு என்பதற்கு இன்ஸ்டாகிராம் நல்ல சான்று. 2010 அக்டோபரில் தொடங்கி, அமேசானின் கிளவுடில் ஓடிய அந்தச் செயலியை 2012 ஏப்ரலில் ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் 13 பேர். சர்வர் வாங்குவது, அலமாரியில் பொருத்துவது, கெட்டுப்போன டிஸ்க்கை மாற்றுவது ஆகிய வேலைகளையும் அவர்களே பார்த்திருந்தால் இத்தனை சிறிய குழு போதியிருக்காது.

## எந்த அடுக்கில் கட்டுவது

கிளவுட் சேவைகளைப் பொதுவாக மூன்று அடுக்குகளாகப் பிரிப்பார்கள். மேலே போகப் போக நாம் பார்க்க வேண்டிய வேலை குறையும். நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் இடமும் குறையும்.

உள்கட்டமைப்புச் சேவை (ஐயாஸ்). விர்ச்சுவல் மெஷின் (ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளால் பிரித்துத் தரப்படும் தனிக் கணினி), டிஸ்க், நெட்வொர்க் கிடைக்கும். இயங்குதளத்தை அப்டேட் செய்வது, பாதுகாப்புத் திருத்தங்களைப் போடுவது, டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று பார்ப்பது எல்லாம் நம் வேலை. அமேசானின் இசி2, கூகுளின் கம்ப்யூட் எஞ்சின் இந்த வகை.

தளச் சேவை (பாஸ்). நிரலைக் கொடுத்தால் போதும். அதை ஓட வைப்பது அவர்கள் பொறுப்பு. 2007ல் தொடங்கிய ஹெரோக்கு இந்த முறையைப் பரவலாக்கியது. கூகுள் ஆப் எஞ்சின், அஷூர் ஆப் சர்வீஸ் ஆகியவையும் இதில் அடங்கும். கன்டெய்னரைக் கொடுத்தால் ஓட்டித் தரும் கூகுள் கிளவுட் ரன், அமேசானின் ஃபார்கேட் போன்றவை ஏறத்தாழ இதே இடத்தில் நிற்கின்றன. கன்டெய்னர் என்பது நிரலையும் அதற்குத் தேவையான நூலகங்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டியது. டெவலப்பரின் லேப்டாப்பில் ஓடுவது சர்வரிலும் அப்படியே ஓடும். 2013ல் டாக்கர் வந்த பிறகு இந்த முறை எங்கும் பரவியது.

மென்பொருள் சேவை (சாஸ்). முழு மென்பொருளும் தயாராக இருக்கும். மின்னஞ்சல், கணக்கு மென்பொருள் போன்றவை. இதில் நாம் வெறும் பயனர்தான்.

இரண்டாவது அடுக்குக்கு நெருக்கமாக இன்னொன்று உண்டு: சர்வர்லெஸ். 2014 நவம்பரில் அமேசான் அறிவித்த லாம்டா இதன் முன்னோடி. ஒரு ஃபங்ஷனை (ஒரு வேலையை மட்டும் செய்யும் சிறு நிரலை) மட்டும் எழுதிக் கொடுக்கிறோம். கோரிக்கை வந்தால் ஓடும், வராவிட்டால் ஓடாது, அந்த நேரத்துக்குக் கணிப்புக் கட்டணமும் இல்லை. பயனர்கள் எப்போது வருவார்கள் என்றே தெரியாத புதிய செயலிக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் வரம்புகள் உண்டு. லாம்டாவில் ஒரு ஓட்டம் 15 நிமிடத்துக்கு மேல் நீடிக்க முடியாது. அதைவிடத் தொல்லையான இன்னொன்று தரவுத்தள இணைப்பு. ஒரே நேரத்தில் 300 கோரிக்கைகள் வந்தால் 300 தனித்தனி ஓட்டங்கள் கிளம்பும். ஒவ்வொன்றும் தரவுத்தளத்துடன் தனி இணைப்பைத் திறக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் எதையும் மாற்றாத நிலையில் அதிகபட்சம் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். அப்போது செயலி தாக்குப்பிடிக்கும், தரவுத்தளம் கதவை மூடிவிடும். இடையில் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் ஒரு பூலர் வைத்தால் இது தீரும். அதை வைக்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? என் கருத்து இது: செயலியின் தேவை எவ்வளவு மேல் அடுக்கு வரை அனுமதிக்கிறதோ, அவ்வளவு மேலிருந்து தொடங்குங்கள். கீழே இறங்கக் காரணம் கிடைத்தால் அப்போது இறங்கலாம். மூன்று நான்கு பேர் கொண்ட குழு முதல் நாளே குபர்னெட்டீஸ் கிளஸ்டரை (பல கன்டெய்னர்களைப் பல சர்வர்களில் பிரித்து ஓட்டும் அமைப்பை) அமைக்க உட்காருவது பெரும்பாலும் தவறான இடத்தில் போடும் உழைப்பு. குபர்னெட்டீஸ் அருமையான கருவிதான். கூகுள் 2014ல் வெளியிட்ட இது, பல குழுக்கள் பல சேவைகளை ஒரே வன்பொருள் மீது ஓட்டும்போது எழும் சிக்கலைத் தீர்க்கிறது. அந்தச் சிக்கல் இன்னும் வராத குழுவுக்கு அதன் பராமரிப்புச் சுமை மட்டும்தான் மிஞ்சும்.

தரவுத்தளத்தில் இந்த விதி இன்னும் கறாராகப் பொருந்தும். விர்ச்சுவல் மெஷினில் போஸ்ட்கிரெஸை நாமே நிறுவினால் மாத வாடகை குறைவுதான். ஆனால் தினசரி பேக்கப், குறிப்பிட்ட நிமிடத்துக்குத் திரும்பிப் போகும் வசதி, டிஸ்க் பழுதானால் மாற்று இயந்திரத்துக்குத் தாவுவது ஆகிய மூன்றையும் நாமே செய்தாக வேண்டும். தரவுத்தளத்தைக் கிளவுட் நிறுவனமே பராமரித்துத் தரும் நிர்வகிக்கப்பட்ட தரவுத்தளச் சேவைகளில் இவை சில அமைப்புத் தேர்வுகளில் முடிந்துவிடும். சிறு குழு கூடுதல் பணம் கொடுத்தாவது வாங்க வேண்டிய சேவை ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

## ஒரு புகைப்படம் பயணிக்கும் வழி

கிளவுடுக்கு ஏற்ற செயலி என்றால் என்ன என்பதை ஒரே ஒரு செயலை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். பயனர் ஒரு புகைப்படத்தைப் பதிவேற்றுகிறார்.

ஒற்றை சர்வருக்குப் பழகியவர்கள் இதை நேராக எழுதுவார்கள். படம் சர்வருக்கு வரும், சர்வர் அதைத் தன் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரில் வைக்கும், அவ்வளவுதான். ஒரு சர்வர் இருக்கும்வரை எந்தப் பிரச்சினையும் வராது. கூட்டம் கூடி, இரண்டாவது சர்வரைச் சேர்க்கும் நாளில்தான் சிக்கல் தெரியும். படம் முதல் சர்வரின் டிஸ்க்கில் இருக்கிறது. அடுத்த கோரிக்கையை லோடு பேலன்சர் (கோரிக்கைகளைச் சர்வர்களுக்கிடையே பிரித்து அனுப்பும் கருவி) இரண்டாவது சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே படம் இல்லை. பயனர் பக்கத்தைப் புதுப்பித்தால் படம் தெரிகிறது, மறுபடி புதுப்பித்தால் காணவில்லை. இரவில் கூட்டம் குறைந்ததும் தானியங்கி அமைப்பு முதல் சர்வரை மூடிவிட்டால் அதன் உள்டிஸ்க்கில் இருந்த படமும் போய்விடும். லாகின் விவரத்தை சர்வரின் நினைவகத்தில் வைத்தாலும் இதே கதைதான். பயனர் காரணமில்லாமல் வெளியேற்றப்படுவார்.

ஆகவே கிளவுடில் முதல் விதி: நிரல் ஓடும் இயந்திரம் எந்த நொடியும் காணாமல் போகலாம் என்று எண்ணி எழுத வேண்டும். நிலைக்க வேண்டிய எதையும் அதில் வைக்கக் கூடாது. இப்படி எழுதப்பட்டதை ஸ்டேட்லெஸ் செயலி என்கிறோம். அதே புகைப்படத்தை இந்த விதிப்படி அனுப்பினால் வழி இப்படி இருக்கும்:

1. செயலி சர்வரிடம் "ஒரு படம் அனுப்பப் போகிறேன்" என்று மட்டும் சொல்கிறது.
2. சர்வர் பயனரைச் சரிபார்த்து, சில நிமிடங்கள் மட்டும் செல்லுபடியாகும் கையொப்பமிட்ட ஒரு இணைப்பை (லிங்க்) தருகிறது.
3. செயலி அந்த இணைப்பு வழியாகப் படத்தை நேரடியாக ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு அனுப்புகிறது. படம் நம் சர்வர் வழியாகப் போவதே இல்லை.
4. படம் வந்ததும் ஸ்டோரேஜ் ஒரு செய்தியை வரிசையில் (க்யூ) போடுகிறது. தனியாக ஓடும் ஒரு நிரல் அதை எடுத்து, சிறிய அளவுப் படங்களை உருவாக்குகிறது.
5. தரவுத்தளத்தில் படத்தின் முகவரி மட்டும் பதிவாகிறது.

ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்பது ஃபைல்களை ஒரு பெயருடன் போட்டு, அதே பெயரால் திரும்ப எடுக்கும் சேமிப்பு. அமேசானின் எஸ்3 ஓராண்டில் 99.999999999 விழுக்காடு நீடிப்புத் தன்மைக்காக, அதாவது போட்ட ஃபைல் தொலையாமல் இருப்பதற்காக, வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு ஃபைலின் தரவும் பல இயந்திரங்களில் பரப்பி வைக்கப்படுகிறது. எந்தச் சிறு குழுவும் சொந்த டிஸ்க்குகளைக் கொண்டு இதை எட்ட முடியாது.

நான்காவது படியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரும்பாலான க்யூ சேவைகள் ஒரு செய்தியைக் குறைந்தது ஒருமுறை தருவதாகத்தான் உறுதி சொல்கின்றன. சில சமயம் அதே செய்தி இரண்டாவது முறையும் வரும். சிறு படத்தை இரண்டு தடவை உருவாக்கினால் நஷ்டமில்லை. அதே க்யூவில் பணம் எடுக்கும் வேலை இருந்தால்? ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் போய்விடும். எனவே ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, முன்பே முடிந்ததா என்று பார்த்துவிட்டே செய்ய வேண்டும். இதைப் பின்னால் சேர்ப்பது கடினம், முதலிலேயே எழுதினால் சில வரிகள்தான்.

## ரீஜனும் ஸோனும்

கிளவுட் எங்கேயோ மேலே இல்லை; கட்டடங்களில் இருக்கிறது. ஒரு புவியியல் வட்டாரத்தை ரீஜன் என்கிறார்கள். பெரும்பாலான ரீஜன்களுக்குள், மின்சாரமும் குளிர்விப்பும் தனித்தனியாக உள்ள டேட்டா சென்டர் குழுக்கள் பல இருக்கும். அவை அவெய்லபிலிட்டி ஸோன்கள்.

ரீஜனைத் தேர்ந்தெடுக்க முதல் அளவுகோல் தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். பயனர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்வர மட்டும் குறைந்தது 100 மில்லிநொடி. எவ்வளவு விலை கொடுத்து எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் இது குறையாது. ஒரு திரையைக் காட்டச் செயலி ஒன்றன்பின் ஒன்றாக எட்டுக் கோரிக்கைகள் அனுப்பினால் முக்கால் நொடிக்கு மேல் வழியிலேயே போய்விடும். இரண்டாவது அளவுகோல் சட்டம்: பயனர்களின் தரவு எந்த நாட்டுக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருந்தால் அதுதான் முடிவு செய்யும். விலை மூன்றாவது. ஒரே சேவைக்கு ரீஜனுக்கு ரீஜன் விலை மாறும்.

அப்புறம் முடக்கம். எவ்வளவு முடக்கத்தைத் தாங்க முடியும் என்பதை எண்ணாகச் சொல்லிப் பார்ப்பது நல்லது. 99.9 விழுக்காடு நேரம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 8 மணி 46 நிமிடம் நிற்கலாம். 99.99 என்றால் சுமார் 53 நிமிடம். ஒவ்வொரு ஒன்பதைக் கூட்டும்போதும் செலவும் சிக்கலும் ஏறும்.

நடந்தவற்றில் இரண்டு நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2017 பிப்ரவரி 28ல் எஸ்3 சேவையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் ஒரு கட்டளையைத் தவறாக உள்ளிட, நினைத்ததைவிட அதிக சர்வர்கள் நீக்கப்பட்டன. வட வர்ஜீனியா ரீஜனில் எஸ்3 சுமார் நான்கு மணி நேரம் தடைபட்டது. பிறகு எல்லாம் திரும்பி வந்தது. 2021 மார்ச் 10ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்குத் தரவு திரும்பி வரவே இல்லை.

முதலாவது இடைஞ்சல், இரண்டாவது அழிவு. சிறு குழு அழிவிலிருந்து காத்துக்கொள்வதற்கே முன்னுரிமை தர வேண்டும். நிரலை ஒரே ரீஜனின் இரண்டு ஸோன்களில் ஓட்டுங்கள். பேக்கப்பை மட்டும் வேறு ரீஜனுக்கு நகலெடுத்து வையுங்கள். அதற்கு ஆகும் செலவு சொற்பம். இரண்டு ரீஜன்களில் முழுச் செயலியையும் ஒரே நேரத்தில் ஓட்டுவது, அதைவிட இரண்டு கிளவுட்களில் ஓட்டுவது, தரவை இரு இடங்களிலும் ஒத்துவைக்கும் கடினமான சிக்கலைக் கொண்டுவருகிறது. அந்தச் சிக்கலால் வரும் கோளாறுகள், தவிர்க்க நினைத்த முடக்கத்தைவிட அதிகமாகிவிடக் கூடும்.

## பில் எங்கிருந்து வருகிறது

கிளவுட் செலவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சர்வர் வாடகையைச் சுற்றியே இருக்கும். எதிர்பாராத பில்கள் பல நேரம் வேறு இடத்திலிருந்து வருகின்றன. அதில் முதன்மையானது வெளியேறும் தரவு. கிளவுடுக்குள் தரவு வருவதற்கு பெரிய நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. வெளியே போனால் ஜிபி கணக்கில் வாங்குகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமேசானின் வட வர்ஜீனியா ரீஜனில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம். அதற்கு மேல் முதல் 10 டிபி வரை ஜிபிக்கு 0.09 டாலர் என்ற பட்டியல் விலையை எடுத்துக்கொள்வோம். செயலிக்கு நாளொன்றுக்கு 10,000 பயனர்கள். ஒவ்வொருவரும் 10 படங்கள் பார்க்கிறார்கள். பதிவேறிய படத்தை அப்படியே 3 எம்பி அளவில் அனுப்பினால் ஒரு நாளைக்கு 300 ஜிபி, மாதத்துக்கு 9,000 ஜிபி. கட்டணம் சுமார் 801 டாலர். அதே படங்களைத் திரைக்கு ஏற்ற 150 கேபி அளவுக்குச் சுருக்கி அனுப்பினால் மாதத்துக்கு 450 ஜிபி. கட்டணம் 31.50 டாலர். பயனர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முன்பு பார்த்த நான்காவது படியை ஒரு டெவலப்பர் எழுதினாரா இல்லையா என்பதில்தான் மாதம் 770 டாலர் இருக்கிறது.

கிளவுடில் நிரல் எழுதுபவரே செலவையும் தீர்மானிக்கிறார் என்று சொல்வது இதனால்தான். பில்லைக் கணக்குப் பிரிவு மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நிறுவனத்தில் இது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

மற்றபடி கவனிக்க வேண்டியவை:

1. பயனில்லாமல் நிற்பவை. சர்வரை அழித்தும் அதன் டிஸ்க் தங்கிவிடலாம். பொது ஐபி முகவரிக்கும் கட்டணம் உண்டு. அமேசான் 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது.
2. நாட் கேட்வே. உள்நெட்வொர்க்கில் இருக்கும் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வாசல். இதற்கு மணிக்கணக்கில் ஒரு கட்டணம், கடந்துபோகும் ஒவ்வொரு ஜிபிக்கும் இன்னொரு கட்டணம். எஸ்3க்குப் போகும் தரவுகூட அமைப்பு சரியில்லாவிட்டால் இந்த வாசல் வழியாகவே போகும்.
3. எச்சரிக்கை வேறு, உச்சவரம்பு வேறு. பட்ஜெட் அலர்ட் வைத்தால் செலவு அந்தத் தொகையில் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மின்னஞ்சல் அனுப்பும், எதையும் தானாக நிறுத்தாது. செலவு விவரம் சில மணி நேரம் தாமதமாகவே வந்து சேரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு ஃபங்ஷன் தன்னையே திரும்பத் திரும்ப அழைக்கும் சுழலில் மாட்டிக்கொண்டால் அந்தச் சில மணி நேரத்தில் பெரும் தொகை ஏறிவிடும். அதனால் ஒரே நேரத்தில் எத்தனை ஓட்டங்கள், எத்தனை சர்வர்கள் வரை போகலாம் என்ற எண்ணிக்கை வரம்பையும் சேர்த்து வைக்க வேண்டும்.

ஸ்டார்ட்அப்களுக்குக் கிளவுட் நிறுவனங்கள் கிரெடிட் (பில்லில் கழித்துக்கொள்ளும் இலவசத் தொகை) தருகின்றன. தகுதி பெறும் நிறுவனங்களுக்கு அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றுமே லட்சம் டாலர் அளவுக்கும் அதற்கு மேலும் தரும் திட்டங்களை வைத்திருக்கின்றன. கிடைத்தால் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. கிரெடிட்டுக்குக் காலக்கெடு உண்டு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. முதல் மாதத்திலிருந்தே கிரெடிட் இல்லாவிட்டால் பில் எவ்வளவு வந்திருக்கும் என்ற எண்ணைக் குழு முழுவதும் பார்க்க வேண்டும். ஒரு பயனருக்கு ஆகும் செலவு அவர் தரும் வருமானத்தைவிட அதிகமாக இருந்தால், அதைக் கிரெடிட் தீரும் நாளில் தெரிந்துகொள்வது மிகத் தாமதம்.

## பூட்டு அவர்களுடையது, சாவி நம்முடையது

கிளவுட் நிறுவனங்கள் இதைப் பகிரப்பட்ட பொறுப்பு என்கின்றன. கட்டடம், வன்பொருள், அடிப்படை நெட்வொர்க் ஆகியவற்றின் பாதுகாப்பு அவர்களுடையது. யாருக்கு என்ன அனுமதி, எந்தத் தரவு வெளியே தெரிகிறது, நம் நிரலில் ஓட்டை இருக்கிறதா என்பவை நம்முடையவை. மேல் அடுக்குக்குப் போகும்போது நம் பங்கு சுருங்கும், ஒருபோதும் பூஜ்யமாகாது.

கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு 2014 ஜூனில் நடந்ததை ஒவ்வொரு ஸ்டார்ட்அப்பும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மென்பொருள் நிறுவனங்களின் நிரல்களைச் சேமித்துத் தருவது அதன் தொழில். தாக்குதல்காரர் ஒருவர் அதன் ஏ.டபிள்யூ.எஸ். நிர்வாகப் பலகத்துக்குள் நுழைந்து பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனம் கட்டுப்பாட்டை மீட்க முயன்றபோது, அவர் சர்வர்களையும் சேமிப்பையும் பேக்கப்களையும் அழிக்கத் தொடங்கினார். பெரும்பகுதி போய்விட்டது. நிறுவனம் மூடப்பட்டது. பேக்கப் இருந்தது, ஆனால் அதையும் அதே கணக்கின் சாவியால் அழிக்க முடிந்தது. அதுதான் அந்த நிறுவனத்தை முடித்தது.

இதிலிருந்து நேராக வரும் ஏற்பாடுகள் சில. முதன்மைக் கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தாமல், இரட்டைச் சரிபார்ப்பு வைத்துப் பூட்டிவிட வேண்டும். பேக்கப்பின் ஒரு பிரதியை வேறு கணக்கில், அன்றாடச் சாவிகளால் அழிக்க முடியாதபடி வைக்க வேண்டும். சோதனைச் சூழலும் உண்மையான பயனர்கள் இருக்கும் சூழலும் தனித்தனிக் கணக்குகளில் இருக்க வேண்டும். நிரலுக்குள் அணுகல் சாவியை எழுதவே கூடாது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் யாரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தில் சாவி தவறி ஏறினால் அதைத் தேடி அலையும் தானியங்கி நிரல்கள் சில நிமிடங்களில் கண்டுபிடித்து, நம் செலவில் கிரிப்டோ சுரங்கம் ஓட்டும். சர்வருக்கே ஒரு ரோல் (எதையெல்லாம் செய்யலாம் என்ற அனுமதித் தொகுப்பு) கொடுத்தால், சிறிது நேரமே செல்லுபடியாகும் சாவிகள் தானாக வந்துபோகும். திருட்டுப் போக நிரந்தரச் சாவி என்று ஒன்று இருக்காது.

அந்த ரோலும் குறைந்த அனுமதியோடு இருக்க வேண்டும். 2019ல் வெளியான கேபிடல் ஒன் வங்கித் தரவுத் திருட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் போயின. தவறாக அமைக்கப்பட்ட ஒரு ஃபயர்வால் (வரும் கோரிக்கைகளை வடிகட்டும் காவல் மென்பொருள்) வழியாக அதன் ரோலின் தற்காலிகச் சாவி தாக்குதல்காரரின் கைக்குப் போனது. ஒரு ஃபயர்வாலுக்குத் தேவையே இல்லாத அளவு சேமிப்புகளைப் படிக்கும் அனுமதி அந்த ரோலுக்கு இருந்தது.

## ஒரே கிளவுடில் மாட்டிக்கொள்வோமா

இந்தப் பயம் நியாயமானது, ஆனால் பெரும்பாலும் தவறான இடத்தைப் பார்க்கிறது. கன்டெய்னரில் ஓடும் நிரலை ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது சில வார வேலை. போஸ்ட்கிரெஸ் எல்லாக் கிளவுட்களிலும் கிடைக்கிறது. ஒரு நிறுவனத்திடம் மட்டுமே இருக்கும் தரவுத்தளத்தை மையமாக வைத்துக் கட்டினால், அதன் வினவல் முறைக்கேற்பவே முழுச் செயலியும் வளர்ந்துவிடும். அப்போது மாறுவது என்பது மறுபடி எழுதுவது. ஆகவே பிணைப்பை எடைபோட வேண்டிய முதல் இடம் தரவு. மின்னஞ்சல் அனுப்பும் சேவை, க்யூ போன்றவற்றில் அதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அந்தச் சேவையை அழைக்கும் வரிகளை ஒரே இடத்தில், சின்ன உறைபோல் தனியாக எழுதிவிட்டால் பின்னர் அதை மட்டும் மாற்றலாம்.

தரவை வெளியே எடுக்க ஆகும் கட்டணம் முன்பு பெரிய தடையாக இருந்தது. 2024 ஜனவரியில் கூகுளும், மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும், முழுவதுமாக விலகும் வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி சேவை மாறுவதற்கான கட்டணங்கள் 2027 ஜனவரி 12 முதல் அறவே கூடாது.

வளர்ந்த பிறகு வெளியேறியவர்களும் உண்டு. டிராப்பாக்ஸ் தன் பயனர்களின் ஃபைல்களில் பெரும்பகுதியை எஸ்3யிலிருந்து சொந்த வன்பொருளுக்கு மாற்றியது. அதற்கு முன் பல ஆண்டுகள் கிளவுடில்தான் வளர்ந்தது. மாறியபோது அதன் சேமிப்புத் தேவை மிகப் பெரியது, எவ்வளவு வேண்டும் என்பதும் முன்கூட்டியே தெரிந்தது. தேவை எவ்வளவு என்றே தெரியாத ஆரம்ப நிலையில் அந்தக் கணக்கு பொருந்தாது.

## முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

1. முதன்மைக் கணக்கைப் பூட்டுங்கள். சோதனைக்கும் உண்மைச் சூழலுக்கும் தனிக் கணக்குகள் திறங்கள்.
2. பட்ஜெட் அலர்ட்டை மூன்று அளவுகளில் வையுங்கள். மின்னஞ்சல் ஒருவருக்கு மட்டும் போகாமல் குழு முழுவதற்கும் போகட்டும்.
3. ரீஜனை முடிவு செய்யுங்கள். மற்ற முடிவுகளைவிட இதைப் பின்னால் மாற்றுவது கடினம்.
4. நிர்வகிக்கப்பட்ட தரவுத்தளம் ஒன்று, ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் ஒன்று, கன்டெய்னரை ஓட்டும் சேவை ஒன்று. தொடங்க இந்த மூன்று போதும்.
5. இவற்றைத் திரையில் கிளிக் செய்து உருவாக்காமல், டெராஃபார்ம் போன்ற கருவியில் நிரலாக எழுதி வையுங்கள். என்ன இருக்கிறது, யார் எப்போது மாற்றினார்கள் என்பது பதிவாக இருக்கும். சூழலை மறுபடி எழுப்பவும் முடியும்.
6. லாக் (செயலியில் நடப்பவற்றின் பதிவு), பிழை அறிவிப்பு, வெளியிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை செயலி எழுந்து நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை ஆகிய மூன்றையும் முதல் பயனர் வருவதற்கு முன் போடுங்கள்.
7. பேக்கப்பை மீட்டுப் பாருங்கள். 2017 ஜனவரி 31ல், நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். ஐந்து வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் நம்பும்படி வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது. எனவே காலியான ஒரு புதிய தரவுத்தளத்தில் உங்கள் பேக்கப்பை ஏற்றி, செயலியை அதனுடன் இணைத்து, லாகின் செய்து, ஒரு பழைய பதிவைத் திறந்து பாருங்கள். மொத்தம் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள். தரவு கூடக் கூட அந்த நேரம் நீளும் என்பதால், இதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி செய்ய வேண்டும்.